நிலநடுக்கோட்டிலிருந்து பனிக்கடல் வரை

சிராங்கூன் சாலையில் வெயில் கொளுத்தும் நண்பகலில், தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் கிடைத்தால் அதுவே சொர்க்கம். துருவிய பனியைக் கரண்டியால் அள்ளிச் சுவைக்கும் பலருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் பனிக்கட்டி சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தது. வாம்போ என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே, 1854ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டியைத் தருவித்து, சிங்கப்பூர் ஆற்றோரம் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றைத் தொடங்கினார். அந்த வணிகம் நெடுநாள் நிலைக்கவில்லை.

சென்னை அதற்கு முன்பே இந்தக் குளிர்ச்சியைக் கண்டிருந்தது. பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் 1833ல் கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டியை அனுப்பினார். 1842ல் சென்னைக் கடற்கரையில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணி மக்கள் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று சொல்லும் அந்தக் கட்டடத்தில்தான் 1897ல் சுவாமி விவேகானந்தர் தங்கினார். இப்போது அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

அன்று பனி மக்களைத் தேடி வந்தது. இன்று மக்கள் பனியைத் தேடிப் போகிறார்கள். சிங்கப்பூர்ப் பயண நிறுவனங்களின் கையேடுகளில் பாலித் தீவு, காஷ்மீர் ஆகியவற்றுக்கு அருகே பெங்குவின் கூட்டமும் இடம்பிடித்துவிட்டது. உல்லாசக் கப்பலில் ஏறித் துருவக் கடல்களுக்குச் சென்று, அங்குள்ள விலங்குகளையும் பறவைகளையும் கண்டு திரும்பும் பயணம் அது. செலவு பல்லாயிரம் வெள்ளி. இந்தப் பயணம் எப்படித் தோன்றியது? அதனால் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு? கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் வாழும் ஒரு தீவு மக்கள் இந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட முடியாது.

சின்னச் சிவப்புக் கப்பல்

உலகப்படத்தில் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வடதுருவமும் தென்துருவமும் இங்கிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். இரண்டுமே சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர். பனியிலிருந்து இவ்வளவு சமதூரத்தில் விலகி நிற்கும் பெருநகரங்கள் உலகில் மிகச் சிலவே.

தென்துருவக் கண்டமான அண்டார்க்டிகாவில் 1959 டிசம்பர் 1ஆம் தேதி வரை யாருடைய சட்டம் செல்லும் என்பதே தெளிவில்லாமல் இருந்தது. அன்று கையெழுத்தான அண்டார்க்டிக் உடன்படிக்கை, அந்தக் கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் உரியதாக அறிவித்தது. அது நடைமுறைக்கு வந்தது 1961ல். ஆனால் சுற்றுப்பயணிகள் உடன்படிக்கைக்கு முன்பே வந்துவிட்டனர். 1957-58 கோடைக்காலத்தில் அர்ஜென்டினாவும் சிலியும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தெற்கு ஷெட்லாந்து தீவுகள் பக்கம் அழைத்துச் சென்றன.

இதை ஒரு தொழிலாக்கியவர் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட். 1966ல் அர்ஜென்டினக் கடற்படைக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, 57 பயணிகளை அண்டார்க்டிகாவுக்குக் கொண்டு சென்றார். மூன்றாண்டு கழித்து, 1969ல், பின்லாந்தில் இதற்கென்றே ஒரு கப்பலைக் கட்டினார். ‘லிண்ட்பிளாட் எக்ஸ்புளோரர்’ என்று பெயர். நூறு பயணிகள் அளவே கொள்ளும் அந்தக் கப்பலின் உடல் சிவப்பு நிறம். ‘சின்னச் சிவப்புக் கப்பல்’ என்பது அதன் செல்லப்பெயர்.

மனிதர் தாம் அறியாத ஒன்றைக் காக்க முன்வர மாட்டார்கள் என்பது லிண்ட்பிளாட்டின் நம்பிக்கை. ஆகவே அவர் கப்பலில் ஆட்டமும் பாட்டமும் இல்லை. பறவையியல் அறிஞர்களும் வரலாற்று அறிஞர்களும் விரிவுரை ஆற்றினார்கள். பயணிகள் சிறு ரப்பர் படகுகளில் கரைக்குச் சென்று, பார்த்து, கேட்டு, திரும்பினார்கள். இன்று துருவக் கடல்களில் ஓடும் சிறு கப்பல்கள் அனைத்தும் அந்த முறையின் வாரிசுகள்தான்.

அதே கப்பல் 1984ல் கனடாவுக்கு வடக்கே உள்ள வடமேற்குக் கடல்வழியைக் கடந்த முதல் பயணிகள் கப்பல் என்ற பெயரையும் பெற்றது. ரோல்டு அமுண்ட்சென் 1903 முதல் 1906 வரை மூன்று குளிர்காலம் பனியில் தங்கிக் கடந்த வழி அது.

கடல் விளையாட்டுப் பிள்ளை அல்ல. 1972ல் கிங் ஜார்ஜ் தீவுக்கருகே எக்ஸ்புளோரர் தரைதட்டியது. சிலிக் கடற்படை பயணிகளை மீட்டது. அதே தீவுக்கூட்டத்தின் அருகே, 2007 நவம்பர் 23ஆம் தேதி பின்னிரவில், பனிக்கட்டி மோதி அதன் அடிப்பக்கத்தில் ஓட்டை விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 154 பேர் உயிர்காப்புப் படகுகளில் இறங்கி, விறைக்கும் குளிரில் பல மணி நேரம் காத்திருந்தனர். அவ்வழியே வந்த ‘நூர்ட்நோர்கே’ என்ற நார்வேக் கப்பல் அனைவரையும் காப்பாற்றியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் சின்னச் சிவப்புக் கப்பல் அன்றே கடலுக்கடியில் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் வேறு கப்பல் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி அனைத்துலகக் கடல்துறை அமைப்பையும் உலுக்கியது. துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான தனி விதித்தொகுப்பு 2017 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது.

எப்படிப் போகிறார்கள், எதைக் காண்கிறார்கள்?

அண்டார்க்டிகாவுக்குப் போகும் பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் தென்கோடி நகரமான உஷுவாயாவிலிருந்து புறப்படுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம். சிங்கப்பூரிலிருந்து கிளம்புபவர் பாதி உலகத்தை விமானத்தில் சுற்றி அந்த ஊரை அடைய வேண்டும். அதன்பின் டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள். எந்தப் பக்கமும் நிலம் தடுக்காத கடல் அது. காற்றும் அலையும் உலகைச் சுற்றி ஓடிவந்து அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நுழைகின்றன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்காதவர் குறைவு.

கரை இறங்குமுன் ஒரு சடங்கு உண்டு. கோயிலுக்குள் நுழையுமுன் கால் கழுவுவதுபோல, காலணிகளைக் கிருமிநாசினியில் தோய்க்க வேண்டும். சட்டைப் பையிலும் ஒட்டுப்பட்டையிலும் சிக்கிய விதைகளை உறிஞ்சு இயந்திரத்தால் எடுக்க வேண்டும். வெளியூர்ப் புல் ஒன்று வேர்பிடித்தாலும் கெடுதல் அந்த நிலத்துக்குத்தான். பறவைக் காய்ச்சல் 2023ல் தென் ஜார்ஜியா வட்டாரத்திலும் 2024 தொடக்கத்தில் அண்டார்க்டிகாவின் நிலப்பகுதியிலும் உறுதியானபின் இந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியிருக்கிறது.

ஏழு நிறுவனங்கள் 1991ல் கூடித் தொடங்கிய அண்டார்க்டிகச் சுற்றுலா நடத்துநர் சங்கம் வகுத்த விதிகள் எளிமையானவை. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்குமேல் கரையில் இருக்கக்கூடாது. ஐந்நூறு பேருக்குமேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையிறக்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து பெங்குவின்கள் பனியில் பதித்த பாதையை மனிதர் மறிக்கக்கூடாது. அங்கே பாதசாரிக்கு முதலுரிமை. அந்தப் பாதசாரி பெங்குவின்.

டிசப்ஷன் தீவு இன்னொரு பாடம் சொல்லும். எரிமலை வாயில் கடல் புகுந்து உருவான அந்தத் துறைமுகத்தில் 1912 முதல் 1931 வரை திமிங்கில எண்ணெய் காய்ச்சும் நிலையம் இயங்கியது. துருப்பிடித்த கொப்பரைகளும் எண்ணெய்த் தொட்டிகளும் இன்றும் அங்கே நிற்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் தென்கடல்களில் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அனைத்துலகத் திமிங்கில ஆணையத்தின் வணிக வேட்டைத் தடை 1986ல் நடப்புக்கு வந்தது. அதன்பின் கூனல் திமிங்கிலங்கள் மெல்ல மெல்லப் பெருகின. இன்றைய பயணி கப்பல் விளிம்பில் நின்று வால் தூக்கி மூழ்கும் திமிங்கிலத்தைப் படமெடுக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. மனிதன் கை வைக்காமல் விட்டால் இயற்கை மீளும் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

மண்டாயில் ஒரு பனிக்கரடி

சிங்கப்பூரர் பனிக்கடலுக்குப் போகுமுன், பனிக்கடல் சிங்கப்பூருக்கு வந்திருந்தது. 1973ல் திறக்கப்பட்ட மண்டாய் விலங்கியல் தோட்டத்தில் கனடாவிலிருந்து வந்த நனூக், ஜெர்மனியின் கொலோன் நகரத் தோட்டத்திலிருந்து வந்த ஷீபா என இரண்டு பனிக்கரடிகள் வாழ்ந்தன. 1990 டிசம்பர் 26ஆம் தேதி அவற்றுக்கு ஒரு குட்டி பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி அதுதான். பெயர் சூட்டுவதற்குப் போட்டி நடந்தது. ‘இனுக்கா’ என்ற பெயர் தேர்வாயிற்று.

இனுக்கா ஒரு தலைமுறைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் செல்லம். பள்ளிச் சுற்றுலா என்றால் இனுக்காவைப் பார்க்காமல் பேருந்து திரும்பாது. ஆனால் 2004ல் இனுக்காவும் தாய் ஷீபாவும் பச்சை நிறமாக மாறியபோது ஊரே திடுக்கிட்டது. பனிக்கரடியின் உரோமம் உள்ளே குழல்போன்றது. ஈரமும் வெப்பமும் நிறைந்த இவ்வூரில் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. மருந்திட்டுக் கழுவியதும் நிறம் திரும்பியது. கேள்வி மட்டும் திரும்பிப் போகவில்லை. உறைபனிக்கென்று படைக்கப்பட்ட உயிரை நிலநடுக்கோட்டில் வைத்திருப்பது முறையா?

விலங்கு நல அமைப்பான ஏக்கர்ஸ் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டது. 2006ல் விலங்கியல் தோட்டம், இனிப் பனிக்கரடிகளைக் கொண்டுவரப் போவதில்லை என்று அறிவித்தது. இனுக்காவைக் குளிர்நாட்டுக்கு அனுப்பும் யோசனையும் எழுந்தது. பிறந்த ஊரிலேயே பழகிவிட்ட கரடி இடமாற்றத்தைத் தாங்காது என்று கருதி, அடுத்த ஆண்டு அது கைவிடப்பட்டது. 2012ல் ஷீபா இறந்தது. 2013ல் குளிரூட்டப்பட்ட புதிய இருப்பிடத்துக்கு இனுக்கா குடிபெயர்ந்தது. 2018 ஏப்ரல் 25ஆம் தேதி, முதுமையும் நோயும் வாட்டிய நிலையில், 27 வயதில் அதை மயக்கத்திலிருந்து எழுப்பாமல் விடைகொடுத்தனர். இன்று சிங்கப்பூரில் பனிக்கரடி இல்லை.

மூன்று மாதம் கழித்து உலகின் மறுகோடியில் ஒன்று நடந்தது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், ஒரு ஜெர்மானிய உல்லாசக் கப்பலின் பயணிகள் கரையிறங்குமுன் பாதுகாப்பு பார்க்கச் சென்ற காவலரைப் பனிக்கரடி தாக்கியது. சக காவலர்கள் அதைச் சுட்டுக் கொன்றனர். காவலரின் உயிரைக் காக்க வேறு வழியில்லை என்றது ஒரு தரப்பு. கரடியின் வீட்டுக்குள் போனது யார் என்று கேட்டது மறுதரப்பு. 2025 ஜனவரி முதல் நார்வே விதிகளை இறுக்கியது. பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் இறுதிவரை அது 500 மீட்டர். காப்பு வட்டாரங்களுக்குள் 200 பயணிகளுக்குமேல் ஏற்றிய கப்பல் நுழையக்கூடாது.

கூண்டுக்குள் வைத்துப் பார்ப்பது தவறென்றால், அதன் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது சரியா? ஒரே ஆண்டில் நடந்த இரு மரணங்களும் சேர்ந்து கேட்கும் கேள்வி இது.

போகலாம் என்போர், கூடாது என்போர்

போகலாம் என்போர் லிண்ட்பிளாட்டின் வாதத்தை முன்வைக்கிறார்கள். பார்த்தவர் பேசுவார், பேசியவர் காப்பார். அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதைத் தடைசெய்த மாட்ரிட் உடன்பாடு 1991ல் கையெழுத்தாகி 1998ல் நடப்புக்கு வந்தது. அந்தக் கண்டத்தின்மேல் உலக மக்களுக்கு அக்கறை ஏற்பட்டதற்கு அங்கிருந்து திரும்பியவர்களின் படங்களும் சொற்களும் துணைநின்றன என்பது அவர்கள் கருத்து. போர்ட் லாக்ராய் என்ற பழைய பிரிட்டிஷ் நிலையத்தில் அஞ்சலகமும் அரும்பொருளகமும் நடக்கின்றன. அந்தத் தீவின் ஒரு பகுதியில் பயணிகளை விடாமல், விட்ட பகுதியோடு ஒப்பிட்டு பெங்குவின்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். கண்காணிப்போடு நடக்கும் சுற்றுலா கேடல்ல என்கிறார்கள் இவர்கள்.

கூடாது என்போரின் கையில் எண்கள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் அண்டார்க்டிகாவுக்குச் சென்றவர்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. 2023-24 பருவத்தில் அது 120,000ஐத் தாண்டிவிட்டது. கப்பல் புகையின் கரித்துகள் வெண்பனியில் படிந்தால் பனி வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்கிறது. 2022ல் வெளியான ஓர் அறிவியல் ஆய்வு, ஒரு பயணியின் வருகையால் ஏறத்தாழ 83 டன் பனி கூடுதலாக உருகுவதாக மதிப்பிட்டது. பாதி உலகம் பறந்து வரும் விமானத்தின் புகை வேறு. உருகுமுன் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமே உருகலை விரைவுபடுத்துகிறது. நோயாளியை நலம் விசாரிக்கப் போய், நோயையும் கொடுத்துவிட்டு வரும் கதை இது.

இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சிங்கப்பூருக்கு இதில் தனிக்கணக்கு ஒன்று உண்டு.

தீவின் கணக்கு

வட்டாரக் கப்பல் பயணங்களுக்குச் சிங்கப்பூர் ஒரு தலைவாசல். துறைமுகத்தை நம்பி வளர்ந்த ஊர் அது. ஹார்பர்ஃபிரண்டில் 1991 முதல் பயணக் கப்பல் நிலையம் இயங்குகிறது. 2012ல் மரினா பேயில் இன்னொன்று திறந்தது. பனிக்கும் இவ்வூருக்கும் தொழில் உறவும் உண்டு. வெயிலில் காயும் இதே தீவில், 2008ல், கெப்பல் குழுமத்தின் கப்பல் பட்டறை ரஷ்யாவுக்காகப் பனியுடைப்புக் கப்பல் கட்டிக்கொடுத்தது. 2009 டிசம்பர் இறுதியில் காமன்வெல்த் மகளிர் குழுவோடு பனிச்சறுக்கிச் சென்று தென்துருவத்தைத் தொட்டார் சிங்கப்பூரின் சோஃபியா பாங். இந்தியாவின் ரீனா கௌஷல் தர்மசக்து அதே குழுவில் இருந்தார். 2013 மே மாதம் சுவீடனின் கிருனா நகரில் ஆர்க்டிக் மன்றம் கூடியபோது இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளோடு சிங்கப்பூரும் பார்வையாளர் தகுதி பெற்றது.

நிலநடுக்கோட்டு நாட்டுக்கு வடதுருவத்தில் என்ன வேலை? வடதுருவக் கடலில் கோடை முடிவில் எஞ்சும் பனி 1980களில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் அது சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது. பனி விலகினால் ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் கப்பல்கள் ரஷ்யாவின் வடகரை வழியே போகலாம். மலாக்கா நீரிணை வேண்டாம், சிங்கப்பூரும் வேண்டாம். 2016ல் ஆயிரம் பயணிகளோடு ஒரு பெரிய உல்லாசக் கப்பல் வடமேற்கு வழியைக் கடந்தது வெறும் சுற்றுலாச் செய்தி அன்று. வழி திறக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

தென்துருவத்தின் கணக்கு இன்னும் நெருக்கமானது. அண்டார்க்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் 58 மீட்டர் உயரும். அது பல்லாயிரம் ஆண்டுக் கதை. ஆனால் சிறு பங்கு உருகினாலும் போதும். பெரும் பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரையும்போது அந்த நீர் தொலைதூரக் கடல்களுக்கு ஓடிவிடுகிறது. ஆகவே அண்டார்க்டிகா உருகினால் அதிகம் உயர்வது அண்டார்க்டிகாவின் கரை அல்ல, வெப்பமண்டலக் கரைகள்தான். சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரி கடல் மட்டத்துக்குமேல் ஐந்து மீட்டருக்குள் இருக்கிறது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், கடலிலிருந்து நாட்டைக் காக்க நூறாண்டுகளில் 100 பில்லியன் வெள்ளிகூடத் தேவைப்படலாம் என்றார். 2024ல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் 1.15 மீட்டர்வரை உயரக்கூடும்.

பனிக்கப்பலின் மேல்தளத்தில் நின்று, பனிச்சுவர் இடிந்து கடலில் விழும் காட்சியைக் கண்டு கைதட்டும் சிங்கப்பூரர், தம் பேரப்பிள்ளை பட்டம் விடும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையையும் அப்போது நினைத்துக்கொள்வது நல்லது.

வாசலுக்கே வரும் விருந்தாளி

அப்படியென்றால் போகவே கூடாதா? ஆயுளில் ஒரு முறை, சிறு கப்பலில், விதிகளை மதிக்கும் நிறுவனத்தோடு, போகுமுன் படித்துக்கொண்டும் வந்தபின் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டும் இருப்பவர் போவதில் பிழை காண முடியாது. பக்கத்து வீட்டார் போய்விட்டு வந்தார் என்பதற்காக, படமெடுத்து மாட்டுவதற்காக மட்டும் போவது வேறு. ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கப்பல் எத்தனை பேரை ஏற்றுகிறது? எந்த எரிபொருளில் ஓடுகிறது? கரையில் யாருடைய விதிகளைப் பின்பற்றுகிறது? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்திடம் பணத்தைக் கட்டாமல் திரும்பிவிடலாம்.

அவ்வளவு பணம் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் வடதுருவத்தை ஒட்டிய தரிசு வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பொன்னிற உப்புக்கொத்திகள், அங்கே குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தெற்கே வருகின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் அவை இறங்கும் இடங்களில் ஒன்று, 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்து 2002ல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோ சதுப்புநிலம். மார்ச் வரை சேற்றில் இரைதேடிக் கொழுத்து, மீண்டும் வடக்கே பறக்கின்றன. ஆர்க்டிக் மன்றத்தின் பறவைப் பாதுகாப்புத் திட்டத்தினர் 2017ல் சிங்கப்பூரில் கூடிப் பேசியதன் காரணம் இந்த விருந்தாளிகள்தான். இங்கே சேற்றுநிலம் அழிந்தால் அங்கே கூடு காலியாகும்.

லிட்டில் இந்தியாவில் ரயிலேறிக் கிராஞ்சியில் இறங்கினால், அங்கிருந்து சுங்கை பூலோ தூரமில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அலை வற்றிய நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அந்தச் சிறு பறவையைச் சுட்டிக்காட்டி, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். பனிக்கடலைப் பற்றிய முதல் பாடத்தை அந்தச் சேற்றங்கரையிலேயே தொடங்கலாம்.